ஹெரன் யார் என்று கேட்ட வாரம்

“முதலில் ஹெரன் யார் என்று எழுதுங்கள். அவர் சொன்னதை அதற்குப் பிறகு படிக்கிறேன்.”

தைப்பூசம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, என் மேலாளர் குணரத்தினம் சார் எனக்கு அனுப்பிய மின்னஞ்சல் இது. ஆங்கிலத்தில் வந்தது, தமிழ் என்னுடையது. கொரோனா அடங்கி, எங்கள் ஊர்த் தண்ணீர்மலைக் கோயிலில் பழையபடி கூட்டம் நெரிந்த தைப்பூசம் அது. மின்னஞ்சல் என்னிடம் இன்னும் இருக்கிறது. மற்றபடி இங்கே நான் எழுதுவதில் பெரும்பகுதி நினைவிலிருந்து வருவது. பேசியவர்களின் சொற்கள் ஒன்றிரண்டு மாறியிருக்கலாம். நடந்தவற்றின் வரிசை மாறவில்லை என்று நம்புகிறேன்.

நான் ஓய்வுபெற்று ஓராண்டு ஆகிறது. என் இடத்தில் இப்போது இருக்கும் கவிதா போன மாதம் கூப்பிட்டாள்.

“லோகா அக்கா, புதுசா வந்த பிள்ளைங்க எதைக் கேட்டாலும் அந்த ஏ.ஐ. கிட்டதான் கேட்குதுங்க. பதில் நல்லாத்தான் வருது. எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, ‘அதுதான் சொல்லுச்சு’ங்குதுங்க. சார் நம்மளைக் குடைஞ்ச கதையெல்லாம் எழுதிக் குடுங்களேன்.”

“சார் இருந்தா அந்த ஏ.ஐ.யையே எதிர்ல உட்கார வச்சுக் குடைஞ்சிருப்பாரு.”

“அதைத்தான் சொல்றேன்லா. எழுதுங்க.”

அவள் கேட்டது அலுவலகத்துக்காக. எழுத உட்கார்ந்தபோது, இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கும் புரியும்படி எழுதலாம் என்று தோன்றியது.

பாலிடெக்னிக் படிப்பு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் சில ஆண்டுகள். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என் உண்மையான வேலை வாழ்க்கை ஜார்ஜ் டவுனில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்த சிறிய அலுவலகத்தில்தான் நடந்தது. கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. மேலே நாங்கள் சிலர். அறநிறுவனங்கள் நடத்தும் டயாலிசிஸ் மையங்களுக்கு நோயாளிப் பதிவு மென்பொருளை நிறுவி, பழுது பார்த்து, புதுப்பித்துக் கொடுப்பது எங்கள் வேலை.

அந்த மென்பொருளை நாங்கள் எழுதவில்லை. அது திறந்த மூல மென்பொருள். அதன் நிரல் எல்லோருக்கும் தெரியும்படி இணையத்தில் இருக்கும். யாரும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் அனுப்பிய திருத்தத்தை மூலத்தில் சேர்க்கும் உரிமை சிலருக்கு மட்டும் உண்டு. அவர்களைப் பராமரிப்பாளர்கள் என்போம். மற்றவர்கள் எல்லாரும் சமூகம்: பயன்படுத்துகிறவர்கள், கேள்வி கேட்கிறவர்கள், பதில் சொல்கிறவர்கள், சண்டை போடுகிறவர்கள். எல்லாரும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தில், ஒரே அளவில் பேசுவார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய நூல்களைப் பதிப்பித்தவர்களின் முன்னுரைகளை விரும்பிப் படிக்கிறவள் நான். எது மூலம், எது உரை, எது யாரோ இடையில் செருகிய பாட்டு என்று அவர்கள் மல்லுக்கட்டுவதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் அலுவலகம் ஞாபகம் வரும். செருகிய பாட்டு சில சமயம் மூலத்தைவிட நன்றாக இருக்கும். அதனால் அது மூலம் ஆகிவிடாது.

குணரத்தினம் சார் யாழ்ப்பாணத்து வழியில் வந்தவர். தாத்தா காலத்திலேயே ரயில்வே குமாஸ்தாவாக மலாயாவுக்கு வந்த குடும்பம். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நாம் ஏதாவது செய்தி கொண்டுபோனால், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “ஆர் சொன்னது?” என்பார். அந்தக் கண்ணாடி மறுபடி மூக்குக்கு ஏறும் வரை நம் செய்தியை அவர் கேட்கத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

“ஃபோரத்துல போட்டிருக்காங்க சார்.”

“போட்டிருக்கினம், சரி. ஆர்?”

சொன்னவர் பராமரிப்பாளரா? அதை அந்த மென்பொருள் திட்டத்தின் சொந்தப் பக்கத்தில் பார்த்தோமா, அல்லது அவரே சொல்லிக்கொள்வதா? இப்போதும் அவருக்கு அந்த உரிமை இருக்கிறதா, எப்போதோ இருந்ததா? இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் அடுத்த பேச்சு. பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் இருந்தால் மட்டும் போதாது. அவருடைய கையால் மூலத்தில் திருத்தங்கள் சேர்ந்திருக்கின்றனவா, கடைசி வெளியீட்டின் மின்கையொப்பம் யாருடையது, பராமரிப்பாளர் பெயர்கள் இருக்கும் கோப்பை கடைசியாகத் திருத்தியது யார் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொல்வார். எனக்கு அடுத்த மேசையில் இருந்த ஹெங் இதற்கு ‘ஐசி செக்’ என்று பெயர் வைத்திருந்தார். சாலைத் தடுப்பில் போலீஸ் அடையாள அட்டையைக் கேட்பது போல என்று.

சார் அதிகாரம் உள்ளவர்களின் பக்கம் என்று நினைத்தால் அது தவறு. ஒருமுறை ஒரு பராமரிப்பாளரே, “எங்கள் நிரலில் பிழை இல்லை” என்று எழுதினார். ஊர் பேர் தெரியாத ஒருவர், அச்சு எடுக்கும்போது கடைசி வரி விழுவதில்லை என்று எழுதியிருந்தார். சார் அந்தப் பேர் தெரியாதவரைத்தான் நம்பினார். நாங்களும் சோதித்தோம். கடைசி வரி விழவில்லை.

“அப்ப ஐசி செக் எதுக்கு சார்?” என்று ஹெங் கேட்டார். அலுவலகத்தில் நாங்கள் பேசுவது ஆங்கிலமும் மலாயும் கலந்த பேச்சு. ஹெங்கின் வாயில் ‘சார்’ மட்டும் தமிழர்கள் சொல்வது போலவே வரும்.

“இனி என்ன செய்யப்போகினம் என்று அவைதான் சொல்லலாம். எங்கே வலிக்குது என்று ஆரும் சொல்லலாம். ரெண்டையும் ஒரே காதாலே கேக்கக் கூடாது.”

இந்தப் பழக்கம் எதற்கு என்று எனக்கு முழுதாகப் புரிந்தது ஹெரன் விஷயத்தில்தான்.

கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் எங்கள் பொறுப்பில் ஒரு டயாலிசிஸ் மையம் இருந்தது. அதன் தலைமைத் தாதி சிஸ்டர் மேரி. வருஷக்கணக்காக அங்கே இருப்பவர். தைப்பூச வாரத்தில் அந்த மையத்தின் சர்வர் படுத்துவிட்டது. தட்டி எழுப்பினால் கொஞ்சம் ஓடும், பிறகு படுத்துக்கொள்ளும். புதிய இயந்திரம் வாங்கி வைத்திருந்தோம். ஆனால் அதில் மென்பொருளின் பழைய வெளியீடு ஓடாது. புதிய வெளியீட்டுக்கு மாற வேண்டும். மாறினால், பழைய பதிவுகள் எல்லாம் புதிய அமைப்புக்குப் பெயர்க்கப்பட வேண்டும். அதற்கான கருவியைப் பராமரிப்பாளர்கள் இன்னும் வெளியிடவில்லை.

பதிவுகளில் முக்கியமானது ‘டிரை வெயிட்’. உடம்பில் தேங்கிய நீர் எல்லாம் போன பிறகு நோயாளி இருக்க வேண்டிய எடை அது. அன்றைய எடைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் எவ்வளவு நீரை எடுப்பது என்று முடிவு செய்வார்கள். கூடுதலாக எடுத்தால் ரத்த அழுத்தம் விழும், கால் இழுத்துக்கொள்ளும், சிலர் மயங்குவார்கள்.

திட்டத்தின் கேள்வி பதில் பக்கத்தில் ஹெரன் என்ற பெயரில் ஒருவர் இருந்தார். யார் என்ன கேட்டாலும் முதலில் வருவது அவர் பதில்தான். பொறுமையாக எழுதுவார். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டாலும் சலிக்கமாட்டார். அவர் பெயருக்குப் பக்கத்தில் படமாக இருந்தது அந்தத் திட்டத்தின் சின்னமே. பேசத் தெரிந்தவரை எல்லாம் ‘போஸ்’, அதாவது முதலாளி, என்று கூப்பிடும் ஊர் நம்முடையது. எங்கள் அலுவலகத்தில் ஹெரனுக்கும் அதுதான் பெயர். “போஸ் என்ன சொல்றாரு பாரு” என்போம்.

பதிவுகளைப் பெயர்க்க ஹெரன் ஒரு சிறு நிரல் எழுதி, ‘மாறுவதற்கு முன் இதை ஓட்டுங்கள்’ என்று போட்டிருந்தார். கீழே வரிசையாக நன்றிகள். கட்டைவிரல் குறிகள் வேறு. நான் அதைச் சுருக்கி சாருக்கு எழுதி, இன்றைக்கே பாகான் டாலாமில் ஓட்டிவிடலாமா என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் தொடக்கத்தில் நான் காட்டிய இரண்டு வரி.

எரிச்சலோடுதான் தேடத் தொடங்கினேன். பராமரிப்பாளர் கோப்பில் இருந்தவை இரண்டே பெயர்கள். இருவரும் போர்ச்சுகலில் இருப்பவர்கள். ஹெரன் இல்லை. பழைய கோப்புகளிலும் இல்லை. மூலத்தில் அவர் கையால் ஒரு வரியும் சேர்ந்திருக்கவில்லை. எந்த வெளியீட்டிலும் அவர் கையொப்பம் இல்லை. அத்தனை ஆண்டுகளாக எங்கள் போஸாக இருந்தவர் எங்குமே இல்லை.

சிஸ்டர் மேரி கூப்பிட்டார்.

“லோகா, எப்பம்மா வருவீங்க? வெள்ளைப் பலகையில எல்லார் வெயிட்டும் எழுதி வச்சிருக்கேன். ஆள் அந்தப் பக்கம் போனா தோள்பட்டை பட்டு அழிஞ்சிடுது. நாளைக்கு வர்ற ரெண்டு நர்ஸும் புதுசு. அவங்களுக்கு யாரையும் தெரியாது, ஸ்கிரீன்ல இருக்குறதைத்தான் பார்த்துப் போடுவாங்க.”

“சிஸ்டர், பதிவை மாத்துற நிரல் ஒண்ணு இருக்கு. ஆனா அது அதிகாரபூர்வமா வந்தது இல்ல.”

“இதுல என்னம்மா அதிகாரம்?”

“தைப்பூசத்துல ரதம் வரும்போது ஒருத்தர் விசில் ஊதிக்கிட்டு எல்லாரையும் ஒதுக்குவாரு பாருங்க. எல்லாரும் கேட்பாங்க. அவரு கோயில் கமிட்டியா, சும்மா வந்தவரான்னு யாருக்கும் தெரியாது. அந்த மாதிரி.”

“நான் வேதக்காரி, எனக்கே தெரியுது. அந்த விசில் ஊதுறவன் இல்லன்னா ரதம் நகராதும்மா.”

அவர் சொன்னது நியாயம். ஹெரன் போன்றவர்கள் இல்லையென்றால் அந்தத் திட்டத்தில் பாதிப் பேருக்குப் பதிலே கிடைத்திருக்காது.

நான் பராமரிப்பாளர்கள் இருவருக்கும் எழுதினேன். பதில் இல்லை. மறுநாள் காலை சார் என்னையும் ஹெங்கையும் அழைத்துக்கொண்டு ஃபெரியில் ஏறினார். மையத்துக்குப் போனதும் சிஸ்டர் மேரியிடம், “ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத் தாளிலே எழுதி, அவையவையின்ரை நாற்காலியிலே ஒட்டுவம். ஸ்கிரீனை ஆரும் பாக்க வேண்டாம்” என்றார். தானே உட்கார்ந்து, சிஸ்டர் சொல்லச் சொல்ல, அச்சடித்தது போன்ற கையெழுத்தில் எழுதினார். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டினார். பிறகு ஒட்டினார்.

அன்று நாற்காலியில் இருந்தவர்களில் அஞ்சலை அக்காவை நான் மறக்கமாட்டேன். சிறிய உடம்பு, பெரிய வாய்.

“இவருதான் கம்ப்யூட்டர் டாக்டரா?” என்றார் சிஸ்டரிடம். “ஏங்க ஐயா, பொட்டி கெட்டுப்போச்சுன்னு கூப்பிட்டா, கோந்து எடுத்துட்டு வந்திருக்கீங்க?”

“கோந்து ஹேங் ஆகாது, அம்மா” என்றார் சார்.

அஞ்சலை அக்கா சிரித்தார். “பார்த்து ஒட்டுங்க. போன வருஷம் யாரோ மாத்திப் போட்டு, கூட உருவிட்டாங்க. காலு இழுத்த இழுப்புல மூணு ஊருக்குக் கேட்கற மாதிரி கத்தினேன்.”

அவருடைய டிரை வெயிட் நாற்பத்தொன்றரை கிலோ. தாளில் சார் அதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார்.

திரும்பும் ஃபெரியில் நான் நடந்தவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தேன். கோப்பைப் பார்த்தேன், கையொப்பத்தைப் பார்த்தேன், பழைய வெளியீடுகளைப் பார்த்தேன் என்று. சார் கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரி, லோகா. அந்த மனுசனைக் கேட்டனீங்களோ?”

“எந்த மனுசனை சார்?”

“ஹெரனை. நீங்கள் ஆர் என்று.”

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஹெங்கும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அத்தனை ஆண்டுகளாக நன்றி சொன்ன ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அப்படி ஒருவரைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம் போலும்.

அலுவலகத்துக்கு வந்ததும் எழுதினேன். நாங்கள் யார், எந்த ஊர், மையத்தில் என்ன நிலைமை என்று சொல்லிவிட்டு, “நீங்கள் இந்தத் திட்டத்தின் பராமரிப்பாளரா? உங்கள் நிரலை அவர்கள் சோதித்திருக்கிறார்களா?” என்று கேட்டேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவர் பராமரிப்பாளர் இல்லை. அப்படி எப்போதும் சொல்லிக்கொண்டதும் இல்லை. கென்யாவில் ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில், டயாலிசிஸ் பிரிவில் ஆண் தாதி. சின்னத்தைப் படமாக வைத்தது அந்தத் திட்டத்தின் மேல் இருந்த அன்பினால். அதைப் பார்த்து மக்கள் வேறு விதமாக நினைக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை. நிரலை எழுதியது தன் மருத்துவமனைக்காக. பராமரிப்பாளர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: “உங்கள் எடைக்கருவி அரை கிலோவையும் காட்டுமா? எங்களுடையது பழையது, முழு கிலோதான் காட்டும். அதனால் எங்கள் பதிவுகளிலும் முழு கிலோ மட்டும்தான்.”

ஹெங் எழுந்துபோய்ப் பதிவுகளின் நகல் ஒன்றை எடுத்து, அதன் மேல் அந்த நிரலை ஓட்டினார். அஞ்சலை அக்காவின் பெயரைத் தேடினார். நாற்பத்தொன்றரை, நாற்பத்தொன்றாகியிருந்தது. அரை கிலோ, அதாவது அரை லிட்டர். அந்தச் சிறிய உடம்பிலிருந்து ஒவ்வொரு முறையும் அவ்வளவு கூடுதலாகப் போயிருக்கும், அவரைத் தெரியாத ஒரு புதுத் தாதியின் கையால். மற்றவர்களின் எடைகளிலும் புள்ளிக்குப் பிறகு எதுவும் இல்லை.

ஹெங் சாரைப் பார்த்தார். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“அந்த மனுசனுக்கு முதல்ல நன்றி எழுதுங்கோ. பிறகு இதைக் காட்டுங்கோ. வேற இடங்களிலே ஓட்டியிருப்பினம், அவைக்குத் தெரிய வேணும்.”

ஹெரன் செய்ததை நான் இன்றும் வியக்கிறேன். ஒரு சொல் தன்னை நியாயப்படுத்தவில்லை. நாங்கள் எழுதிய சிறிது நேரத்திலேயே, அத்தனை நன்றிகளும் குவிந்திருந்த தன் பதிவின் தலையில், இந்த நிரலை ஓட்டாதீர்கள், நான் பராமரிப்பாளன் அல்ல என்று தடித்த எழுத்தில் போட்டார். நன்றி சொன்னவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, எடைகளைச் சரிபார்க்கச் சொன்னார். படத்தில் இருந்த சின்னத்தை எடுத்துவிட்டு ஒரு நாரையின் படத்தை வைத்தார்; ஆங்கிலத்தில் ஹெரன் என்றால் நாரைதான்.

பராமரிப்பாளர்கள் அந்த வார இறுதியில் விழித்தார்கள். ஒருவருக்குக் குழந்தை பிறந்திருந்தது, மற்றவர் ஊரில் இல்லை. சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. திட்டத்தின் முகப்பிலேயே எச்சரிக்கை போட்டார்கள். பிறகு ஹெரனோடு சேர்ந்து அந்த நிரலைத் திருத்தினார்கள். நாங்கள் எங்கள் பதிவுகளின் அமைப்பைப் பெயர்கள் நீக்கிச் சோதனைக்குக் கொடுத்தோம். கையொப்பத்தோடு முறையான வெளியீடு வந்த பிறகுதான் சார், “இனி ஓட்டலாம்” என்றார். பாகான் டாலாமில் ஓட்டினோம். சிஸ்டர் மேரி ஒவ்வொரு நாற்காலியாகப் போய்த் தாளையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“உன் விசில்காரன் நல்லவன்தாம்மா” என்றார் என்னிடம். “தப்புன்னு தெரிஞ்சதும் விசிலை இறக்கி வச்சுட்டான் பாரு. எத்தனை பேரு வைப்பான்?”

அஞ்சலை அக்கா தன் நாற்காலியில் இருந்த தாளை எடுக்க விடவில்லை. அந்தக் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

இதற்குச் சில மாதங்கள் கழித்துப் பராமரிப்பாளர் கோப்பில் மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ந்தது. ஹெரனின் சொந்தப் பெயர் அது. இனிமேல் அவர் பதில் சொன்னால் அது அதிகாரபூர்வம் என்று ஹெங் கேலி செய்தார். ஆனால் ஹெரன் அதற்குப் பிறகு எழுதிய பதில்கள் முன்னைவிடச் சிறியவை, ‘எனக்குத் தெரியாது’ என்ற வாக்கியம் அடிக்கடி வருபவை. அதைப் படிக்கப் படிக்க அவர்மேல் என் மதிப்பு கூடிற்று.

சார் எனக்கு முன்பே ஓய்வுபெற்றார். ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். எப்போதாவது சந்தையில் பார்ப்பேன். அங்கேயும் கழுத்துப் பொத்தான் போட்டிருக்கும். நான் இத்தனை ஆண்டுகள் இந்த வேலையில் ஒருவரையும் காயப்படுத்தாமல் வெளியே வந்திருக்கிறேன் என்றால், அதில் பெரும்பங்கு அவருடையது. ஒரு பங்கு, நான் நேரில் பார்க்காத ஒரு கென்யத் தாதியுடையது. இருவருக்கும் இதைச் சொல்ல விரும்பித்தான் கவிதாவின் வேண்டுகோளுக்கு உடனே சரி என்றேன்.

சாருக்கு இதன் பிரதியைக் கொடுத்துவிட்டேன். ஹெரனுக்கு அனுப்பலாம் என்று அந்தப் பக்கத்தை மீண்டும் திறந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். கீழே பலர் இரங்கல் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் பராமரிப்பாளர் இல்லை. எப்படித் தெரியும் என்றும் அவர் சொல்லவில்லை. மற்ற இரண்டு பராமரிப்பாளர்களும் இதுவரை எதுவும் அறிவிக்கவில்லை. கோப்பில் ஹெரனின் பெயர் அப்படியே இருக்கிறது. அவர்கள் இருவருக்கும் எழுதிக் கேட்டேன்.

அதன் பிறகு ஹெரனுக்கும் எழுதினேன், நீங்கள் நலமா என்று. இதை முடிக்கும் இன்று வரை மூவரிடமிருந்தும் பதில் இல்லை. செய்தி உறுதி செய்யப்படவில்லை.